பக்கமே அளவுகோல்: டேப்லெட் வாங்கப் போகிறவர்களோடு ஒரு பேச்சு

(ஒரு மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எந்த டேப்லெட் வாங்கலாம்?" என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. சிலர் கையில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். இவர் ஏதாவது ஒரு மாடல் பெயரைச் சொல்வார், குறித்துக்கொண்டு போய் வாங்கிவிடலாம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அப்படி ஒரு பெயரைச் சொன்னால் அது அடுத்த தீபாவளித் தள்ளுபடி வரைகூடத் தாங்காது. தாங்கினாலும், எனக்குச் சரிப்பட்டது உங்களுக்குச் சரிப்பட வேண்டும் என்று கட்டாயமில்லை. கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர் சரவிளக்கைப் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. எத்தனை இலை விழும் என்ற கணக்கோடுதான் வீட்டை விட்டே கிளம்புவார். டேப்லெட் கடைக்கு மட்டும் நாம் இலைக் கணக்கு இல்லாமல் போகிறோம்.

நான் தொழிலால் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பவன். டெம்மி, கிரௌன், ஏ4 என்று காகித அளவுகளோடுதான் என் பொழுது போகிறது. அதனால் எனக்குப் பழக்கமான ஒரே அளவுகோலைத்தான் இங்கே கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் வாங்கப் போகும் டேப்லெட்டில் எந்தப் பக்கத்தை அதிக நேரம் பார்க்கப் போகிறீர்கள்? அந்தப் பக்கத்தின் அகலம் என்ன? அதை வெறுமனே படிக்கப் போகிறீர்களா, அதன்மேல் எழுதப் போகிறீர்களா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் கடையில் இருக்கும் நாற்பது மாடலில் முப்பத்தைந்து தானாகக் கழிந்துவிடும்.

இப்படிப் பக்கத்திலிருந்து தொடங்குவது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1972-இல், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த ஆலன் கே என்ற கணினி அறிஞர், குழந்தைகள் கையில் வைத்துக்கொண்டு படிக்கவும் எழுதவும் வரையவும் ஒரு கணினி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அதற்கு டைனாபுக் என்று பெயரிட்டார். கணினி என்றால் அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. அவர் போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: நோட்டுப் புத்தகத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, எடை நான்கு பவுண்டுக்குள், அதாவது இரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும், திரையில் ஒரே சமயத்தில் அச்சுத் தரத்தில் குறைந்தது 4000 எழுத்துகள் தெரிய வேண்டும், விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு இதைச் செய்யத் தொழில்நுட்பம் இல்லை. அட்டையில் மாதிரி செய்து பார்த்ததோடு நின்றது. ஆனாலும் அந்த நிபந்தனைகளின் நடுவில் இருந்தது ஒரு புத்தகப் பக்கம். இன்று நம் கையில் இருக்கும் டேப்லெட்டுக்கு அதுதான் மூத்த வரைபடம்.

பக்கத்தை விட்டுவிட்டு விலையிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 'ஆகாஷ்' டேப்லெட் நினைவிருக்கிறதா? 2011 அக்டோபர் 5-ஆம் தேதி, அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் அதை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பேசப்பட்டது. முந்தின ஆண்டே '35 டாலர் கணினி' என்று செய்தி பரவியிருந்தது. அரசு அதை வாங்கிய விலை சுமார் 50 டாலர். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது; கல்லூரி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணினி என்பது நல்ல ஆசைதான்.

உள்ளே இருந்ததைப் பாருங்கள். 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் புராசசர், 256 எம்பி ரேம். திரையோ அழுத்தத்தால் வேலை செய்யும் வகை. அதில் இரண்டு மெல்லிய படலங்கள் இருக்கும். நீங்கள் அழுத்தினால் மேல்படலம் கீழ்படலத்தைத் தொடும், அந்த இடத்தைக் கருவி கண்டுபிடிக்கும். இன்றைய திரைகள் விரல் படும்போது மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்கிறவை, தொட்டாலே போதும். ஆகாஷில் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். ஒரு பிடிஎஃப் பக்கத்தைப் புரட்ட அழுத்தி இழுத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்க வேண்டும்; வருவதற்குள் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். வேகமில்லை, திரை பேச்சைக் கேட்பதில்லை, சார்ஜ் நிற்பதில்லை என்ற புகார்கள் குவிந்தன. ஓராண்டு கழித்து 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் திரையை மாற்றினார்கள், ரேமை இரட்டிப்பாக்கினார்கள், புராசசரை 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினார்கள். அதற்குள் ஆகாஷின் பெயர் கெட்டுவிட்டது. விலையை முதலில் எழுதிவிட்டு மற்றதை அதற்குள் அடைத்தால், கடைசியில் வெட்டுப்படுவது பக்கம்தான்.

விலை கூடுதலாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஜனவரியில் அறிமுகப்படுத்திய முதல் ஐபேடின் திரை 9.7 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 132 புள்ளிகள். அச்சு எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்வோம். 10 பாயிண்ட் அளவில் ஒரு தமிழ் எழுத்தை அந்தத் திரையில் வைத்தால், அதற்குக் கிடைக்கும் உயரம் மொத்தமே 18 புள்ளிதான். அதற்குள் மூன்று சுழி 'ண'வையும் காட்ட வேண்டும், மேலே மெய்ப்புள்ளியோ விசிறியோ வந்தால் அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'ண' எது 'ன' எது என்று கண் ஒரு கணம் தயங்கும். ஆங்கில எழுத்துக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. 2012-இல் மூன்றாம் ஐபேடில் இதை 264 புள்ளிகளாக்கினார்கள். அதே எழுத்துக்கு 36 புள்ளிக்கு மேல் கிடைத்தது. சுழி தனித்தனியாகத் தெரிந்தது.

இதைச் சொல்வது பழங்கதைக்காக இல்லை. இன்றும் குறைந்த விலை டேப்லெட்டுகளில் 10 அங்குலத் திரைக்கு 1280 × 800 புள்ளிகள் மட்டும் கொடுப்பவை உண்டு. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 150 புள்ளிதான் தேறும். படம் பார்க்க அது போதும். தமிழ் படிக்கக் கண் வலிக்கும். அதே அளவில் 1920 × 1200 இருந்தால் அங்குலத்துக்கு 224 புள்ளி வரும், தாராளமாகப் படிக்கலாம். அட்டைப் பெட்டியில் இந்த இரண்டு எண்களைத் தேடுங்கள்.

இப்போது பக்கத்தின் அகலத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்கு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திரையின் அளவைக் கடைக்காரர் மூலைக்கு மூலை, குறுக்காகச் சொல்வார். நாம் படிப்பது குறுக்காக இல்லை; வரிவரியாகப் படிக்கிறோம். ஆகவே நமக்கு வேண்டியது அகலம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் 16-க்கு 10 என்ற விகிதத்தில் நீண்டு ஒல்லியாக இருக்கும். ஐபேடுகள் ஏறத்தாழ 4-க்கு 3 என்ற விகிதத்தில் அகன்றிருக்கும். 10.1 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 13.6 சென்டிமீட்டர், உயரம் 21.7.

இந்த எண்களைக் கேட்டதும் பதிப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். இது டெம்மி 1/8 அளவு! தமிழில் வரும் நாவல்களும் கட்டுரைத் தொகுப்புகளும் பெரும்பாலும் ஐந்தரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம், அதாவது 14-க்கு 21.5 சென்டிமீட்டர். ஒரு டெம்மி புத்தகத்தின் பக்கம் 10 அங்குல டேப்லெட்டில் ஏறக்குறைய அச்சில் இருந்த அதே அளவில் உட்காருகிறது. பழைய கிரௌன் அளவுப் புத்தகங்கள் 12-க்கு 18 சென்டிமீட்டர். அவற்றை எட்டே முக்கால் அங்குல டேப்லெட்டிலேயே வசதியாகப் படித்துவிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளத்திலும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய நூல்களைப் படிப்பதுதான் உங்கள் முதல் வேலை என்றால், உங்கள் டேப்லெட் அளவு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சின்னதோ நடுத்தரமோ போதும், பெரியதுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஏ4 தாள் வேறு கதை. அதன் அகலம் 21 சென்டிமீட்டர். அரசாணை, ஆய்வுக் கட்டுரை, வினாத்தாள், வீட்டுப் பத்திரத்தின் நகல், மருத்துவ அறிக்கை எல்லாம் அந்த அளவில்தான் வருகின்றன. 10.1 அங்குலத் திரையில் அதை முழுதாகக் காட்டினால் 65 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து 8 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். 11 அங்குல ஐபேடில் 9 பாயிண்ட் கிடைக்கும். 13 அங்குலத்தில்தான் 11 பாயிண்டைத் தாண்டும், அதாவது தாளில் படிப்பது போலவே இருக்கும். ஆறரை அங்குலக் கைபேசியில் இதே பக்கம் 4 பாயிண்ட். அதனால்தான் போனில் அரசாணை படிக்கிறவர்கள் இரண்டு விரலால் விரித்து விரித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சின்ன உபாயமும் சொல்கிறேன். பக்கத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டுக் காட்டும் வசதி பல பிடிஎஃப் செயலிகளில் இருக்கிறது. அதைப் போட்டால் 10 அங்குலத் திரையிலும் ஏ4 பக்கத்தின் எழுத்து 10 பாயிண்டை எட்டும். வாங்குவதற்கு முன்பே கடையில் இதைச் செய்து பாருங்கள்.

எல்லாப் பக்கமும் இப்படி இறுகிப்போனது இல்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து தந்துகொண்டிருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை ஈபப்பாகவும், ஏ4 பிடிஎஃப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப்பாகவும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். திரைக்கு ஏற்றபடி பக்கம் இருக்க வேண்டும் என்று அவர்கள் புரிந்துகொண்டு செய்த வேலை அது. ஈபப் வடிவில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்துகொள்ளும். நீங்கள் நாவலும் சிறுகதையும் மட்டுமே படிக்கிறவர், அதுவும் இந்த வடிவில் படிக்கிறவர் என்றால், உங்களுக்கு டேப்லெட்டே வேண்டாம். கிண்டில் போன்ற மின்மைத் திரைக் கருவி போதும். அது பின்னால் ஒளி அடிக்காது. வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தும் படிக்கலாம். ஒரு சார்ஜ் வாரக் கணக்கில் வரும். வீடியோ பார்க்க அது உதவாது; வண்ண இதழுக்கும் பெரும்பாலும் சரிப்படாது. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதுவே சரியான விடையாக இருக்கலாம். டேப்லெட் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

படிப்பதைத் தாண்டி, பக்கத்தின்மேல் எழுதப் போகிறவர்களுக்கு வருவோம். மாணவர்கள், ஆசிரியர்கள், பிழை திருத்துகிறவர்கள், ஓவியர்கள். இங்கே பேனாதான் முக்கியம், டேப்லெட் அதற்குப் பலகை. ரப்பர் முனை வைத்த இருநூறு ரூபாய்ப் பேனா, விரலுக்குப் பதில் இன்னொரு விரல், அவ்வளவுதான். உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அங்கேயும் கோடு விழும். கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு எத்தனை பக்கம் எழுதுவீர்கள்? உண்மையான பேனா வேறு. திரை அதைத் தனியாக அடையாளம் கண்டுகொள்ளும், உள்ளங்கையை ஒதுக்கிவிடும், பலவற்றில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும், மெலியும். சாம்சங்கின் எஸ் பென்னில் எழுதுவதற்கு பேட்டரியே தேவையில்லை. ஆப்பிள் பென்சிலை சார்ஜ் செய்ய வேண்டும். அதில் பல வகை உண்டு, எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடிலும் வேலை செய்யாது. அவற்றில் விலை குறைந்த யுஎஸ்பி-சி வகைக்கு அழுத்தம் உணரும் திறன் கிடையாது. குறிப்பெடுக்கிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஓவியருக்கு அது இல்லாவிட்டால் பென்சிலே இல்லை.

பேனாவைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கடையில் கொடுத்ததும் எல்லோரும் நேர்கோடு போட்டுப் பார்ப்பார்கள், அல்லது ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார்கள். நீங்கள் உள்ளங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டு, வழக்கமான வேகத்தில் 'ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதுங்கள். 'ஞ'வின் வளைவும் 'ழ'வின் வாலும் உடைந்து கோணல் மாணலாக வந்தால், அந்தத் திரை உங்கள் கையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். மெய்யெழுத்தின் புள்ளி சில சமயம் விழாமலே போகும். லேசாகத் தட்டுவதைக் கருவி கவனிக்காது. புள்ளி விடுகிற பேனாவை வைத்துக்கொண்டு தமிழில் குறிப்பெடுக்க முடியாது.

தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. திரையிலேயே தட்ட, ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் தமிழ் விசைப்பலகைகள் இருக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல், தமிழ்99 விசைமுறைகளை ஆப்பிள் 2013-இலேயே ஐஓஎஸ் 7-இல் சேர்த்துவிட்டது. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழிலும் கிடைக்கிறது. வயதானவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் வெளியே தனியாக ஒரு கீபோர்டு இணைத்துத் தமிழ்99-இல் வேகமாக அடிக்க வேண்டும் என்றால், அதே டேப்லெட், அதே கீபோர்டை இணைத்து ஒரு பத்தி அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். திரையில் வேலை செய்யும் விசைமுறை வெளிக் கீபோர்டிலும் வேலை செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம்.

என் தொழில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு சிக்கல், பழைய எழுத்துருக்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் மலைபோலக் கிடக்கின்றன. அந்த வேர்டு கோப்பை டேப்லெட்டில் திறந்தால் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை தெரியும். டேப்லெட் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எழுத்துரு அதில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் அன்றாட வேலை இத்தகைய கோப்புகளோடு என்றால், யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணினியிலேயே தொடருங்கள்.

இது என்னை அடுத்த கேள்விக்குக் கொண்டுவருகிறது: டேப்லெட்டா, லேப்டாப்பா? கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்து பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பாடப் பக்கத்தைப் படித்துக் கோடு போட்டு, வகுப்பைக் கேட்டுக் குறிப்பெடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் டேப்லெட் நல்லது. மருத்துவம், சட்டம், இலக்கியம், போட்டித் தேர்வு படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகை. நிரல் எழுத வேண்டும், பொறியியல் வரைபடம் போட வேண்டும், கணக்கியல் மென்பொருளில் பழக வேண்டும், நாற்பது பக்கத் திட்ட அறிக்கையை அட்டவணையோடு அடிக்க வேண்டும் என்றால் லேப்டாப்தான். நான் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருள் ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் கிடையாது. வடிவமைத்த பக்கத்தைச் சரிபார்க்க டேப்லெட்டை எடுப்பேன். வடிவமைக்க எடுக்க முடியாது. சுருக்கமாக, பக்கத்தை வாங்கிக்கொள்கிறவருக்கு டேப்லெட். பக்கத்தை உருவாக்குகிறவருக்கு லேப்டாப். ஓவியர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ப்ரொகிரியேட் போன்ற வரைகலைச் செயலி ஐபேடுக்கென்றே இருக்கிறது. அதில் பழக நினைப்பவருக்கு ஆண்ட்ராய்டு டேப்லெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயனில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குகிறவர்கள் எடையை முதலில் பாருங்கள். 10, 11 அங்குல டேப்லெட் உறையோடு சேர்ந்தால் முக்கால் கிலோவை நெருங்கும். படுத்துக்கொண்டு படிக்கிற எழுபது வயதுக்காரருக்கு அது மணிக்கட்டு வலி. மேசைமேல் நிறுத்தி வைக்கும் உறை இருந்தால் பெரிய திரை. கையில்தான் பிடிப்பார் என்றால் எட்டே முக்கால். அடுத்தது ஸ்பீக்கர். பேரப்பிள்ளையின் வீடியோ அழைப்பும் கச்சேரியும் கேட்க வேண்டும். நான்கு ஸ்பீக்கர் வைத்தது என்றால் சமையலறை வரை கேட்கும்.

சின்னக் குழந்தைகளைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. அந்த வயதுப் பிள்ளைக்கென்று தனியாக டேப்லெட் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் படப் புத்தகம் வாங்குங்கள் என்பேன். நூலகத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

சிம் போடும் வசதி வேண்டுமா? வீட்டில் வைஃபை இருந்து, கையில் போனும் இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு விஷயம். சிம் இல்லாத டேப்லெட்டில் யுபிஐ செயலியைப் பதிவு செய்யப் போனால் சிக்கல். வங்கியில் பதிவான எண்ணிலிருந்து, அதே கருவி வழியாகக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பது அதன் பாதுகாப்பு முறை. கடையில் வைத்துப் பணம் வாங்க நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. நில அளவை, கள ஆய்வு, பறவை நோக்கல் என்று வெளியே போகிறவர்களுக்கு அது உதவாது.

படமும் தொடரும் பார்ப்பதுதான் முக்கியம் என்கிறவர்களுக்கு ஒரு ரகசியம். திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் 'எல்1' தரச் சான்று இல்லாத ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பெரிய ஓடிடி தளங்கள் மங்கலான தரத்தில்தான் படத்தைக் காட்டும். அதைச் சொல்லும் இலவசச் செயலிகள் உண்டு. கடையில் இருக்கும் மாதிரிக் கருவியிலேயே பார்த்துவிடலாம்.

ரேம், ஸ்டோரேஜ் பற்றிச் சுருக்கமாக. ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகம் ஒன்று ஐம்பது, நூறு எம்பி இருக்கும். ரேம் குறைவாக இருந்தால் பக்கம் புரட்டும்போது வெள்ளைத் திரை வந்து நின்று, அப்புறம்தான் எழுத்து வரும். படிக்கிறவருக்கு அதைவிட எரிச்சல் கிடையாது. 4 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். 6 இருந்தால் நிம்மதி. "4+4 ஜிபி" என்று எழுதியிருந்தால் பின்னால் வரும் நான்கு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அதை ரேமாக எண்ணாதீர்கள். ஆண்ட்ராய்டில் மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; புத்தகச் சேமிப்புக்கு அது போதும். ஐபேடில் அந்த இடம் இல்லை, ஆகவே வாங்கும்போதே போதுமான அளவு வாங்க வேண்டும்.

தள்ளுபடியில் கிடைப்பது எந்த ஆண்டு வந்த மாடல், இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேளுங்கள். கருவி கெட்டுப்போவதற்கு முன்பே செயலிகள் அதைக் கைவிட்டுவிடும். பெயர் கேள்விப்படாத பிராண்டு என்றால், பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ஆர்- என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். டேப்லெட் விலையோடு பேனா, உறை, திரைக் கண்ணாடி மூன்றையும் கூட்டித்தான் உங்கள் பட்ஜெட்டோடு ஒப்பிட வேண்டும். பெட்டிக்குள் பேனா வருகிற மாடலும், தனியாக வாங்க வேண்டிய மாடலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விலைச்சீட்டு அதைச் சொல்லாது.

கடைசியாக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரம் கடைக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் உங்கள் போனிலும் கணினியிலும் நீங்கள் திறக்கும் பக்கங்களைக் கவனியுங்கள். எதைத் திறந்தபோது, இது கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது? அந்தக் கோப்புகளில் மூன்றை ஒரு பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றாவது தமிழ்ப் பக்கமாக இருக்கட்டும். கடையில் மாதிரிக் கருவியில் அந்த மூன்றையும் திறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு படியுங்கள். பத்துப் பக்கம் புரட்டுங்கள். எழுத வேண்டியவர் எழுதுங்கள். விற்பனையாளர் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று சொல்லிக்கொண்டே இருப்பார், சொல்லட்டும். ஒரு வாரம் கவனித்தும் அப்படி ஒரு பக்கமும் அகப்படவில்லை என்றால், உங்களுக்கு டேப்லெட் தேவையில்லை. கையில் இருக்கும் போனே போதும். அந்த முடிவுக்கு வருகிறவரும் சரியான டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்தவர்தான். அவருக்குச் செலவு இல்லை, அவ்வளவே வித்தியாசம்.